ஒரே நம்பரில் இரண்டு வண்டி

அன்புள்ள சம்பந்திக்கு,

இன்று காலை உங்கள் பெட்டியைத் திறந்தேன். பதறாதீர்கள். முறைப்படி அணைத்து, விளக்கெல்லாம் அவிந்த பிறகுதான் வயரைக் கழற்றினேன். கொஞ்ச நாளாகவே அதன் விசிறி, சளி பிடித்த தொண்டை மாதிரி கரகரத்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துவிட்டுப் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால், விசிறிக்குப் பின்னால் ஒரு கோழி இறகு. வெள்ளை இறகு. அதோடு அந்த வாடை. மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த தீவன வாடை. சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை வீட்டு மாடியறையில், உங்கள் கோழிப்பண்ணை ஒரு நிமிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. என் மனைவி படியேறி வந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "யாரு வந்திருக்கறாங்க?" என்றாள். "யாரும் வர்ல" என்றேன்.

அவள் இறங்கிப் போன பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும்போதுதான். அதிலும் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று நாலு பேர் பார்ப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இனி இல்லை.

உங்களை முதலில் பார்த்தபோது, இந்த மனிதரோடு எனக்குப் பேச என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். நான் ஜவ்வரிசி மண்டியில் உட்கார்ந்த இடத்திலேயே வயதானவன். நீங்கள் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி எடுத்துக்கொண்டு வடக்கே போய், யார் யாருடைய நிலத்திலோ போர் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் கழித்து ஊர் திரும்பியவர். ரிக்கை விற்றுவிட்டுப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை போட்டிருந்தீர்கள். உங்கள் ஒரே மகனுக்கு என் ஒரே மகள் கார்த்திகாவைக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். கார்த்திகா உங்களோடு இருந்து பண்ணைக் கணக்கைப் பார்த்துக்கொண்டாள். கணவரை இழந்த உங்கள் அக்காவும் உங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேத்தி பிறந்த வருஷம் உங்கள் போன் நிரம்பிவிட்டது. ஒரு போட்டோ எடுத்தால், இடமில்லை, ஒன்றை அழி என்கிறது. எதை அழிப்பது? பாப்பா கொட்டாவி விடுவதையா, தும்முவதையா? மாதாமாதம் பணம் கட்டி இன்டர்நெட்டில் சேமித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை யோசனை சொன்னார். நீங்கள் என்னிடம் திரும்பிக் கேட்டீர்கள். "ஏனுங்க சம்மந்தி, நம்ம மாட்டக் கொண்டுபோயி அடுத்தவன் கொட்டாயில கட்டிப்போட்டு, மாசாமாசம் அவனுக்குத் தீனியும் போடறதாங்க?"

அடுத்த முறை நான் வந்தபோது, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதியது அப்படியே இன்னொன்றிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனும் டிவியும் அதிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். "ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்கக்கூடாதுங்க" என்றீர்கள், பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்து.

அதை நீங்கள் பராமரித்த விதத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. என் மண்டியில் ஒரு தராசுக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. ஹாலில் சூடு அதிகம் என்று, குஞ்சுக் கொட்டகையில் தொங்கிய வெப்பமானியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் மாட்டினீர்கள். "குஞ்சுக்குச் சூடு பத்தலீன்னா செத்துப்போயிரும். இதுக்குச் சூடு ஏறுனாச் செத்துப்போயிரும். ரெண்டையும் வச்சுட்டு நான் எங்கீங்க தூங்கறது?" கடைசியில் முட்டை அறையை ஒட்டியிருந்த ஆபீஸ் ரூம்தான் குளிர்ச்சி என்று முடிவாகி, பெட்டி அங்கே குடிபோனது. இறகு அங்கேதான் உள்ளே புகுந்திருக்க வேண்டும்.

ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் குழாய் புதைத்துக் கேபிள் இழுத்தீர்கள். அதிலும் ஒரு வம்பு. கல்யாண வீடியோவைப் பெட்டிக்குள் ஏற்றினால், கல்யாணம் நடந்ததைவிட அதிக நேரம் ஆனது. மாப்பிள்ளையிடம் கேட்டீர்கள். அவர் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து சொல்பவர். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா."

"நீ கம்ப்யூட்டருக்குத்தானடா படிச்ச?"

"நான் பேங்குக்கு சாஃப்ட்வேர் எழுதறவன்ப்பா. வயர் வேலையெல்லாம் எனக்குத் தெரியாது."

"வண்டி ஓட்டறேங்கற, டயரு மாத்தத் தெரியாதுங்கற!"

நீங்களே மேசைக்கு அடியில் குப்புறப் படுத்து, கேபிள் செருகிய இடத்தில் மினுக்கும் பொட்டு விளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பச்சையாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிந்தது. கேபிளின் தலையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கோத்துவிட்டு மீதியை வெட்டி எறிந்திருந்தான் கேபிள் போட்டவன். நாமக்கல் போய் அந்தத் தலையை அமுக்கும் கட்டிங் பிளேயர் மாதிரிக் கருவியை வாங்கிவந்து, நீங்களே கோக்க ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கம்பி நிறம் மாறிப்போகும். வெட்டுவீர்கள், மறுபடி கோப்பீர்கள். வெட்டி வெட்டிக் கேபிள் குட்டையாகி, எட்டாமல், கடைசியில் மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. அன்று மாலை எனக்குப் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல், "பறக்குதுங்க சம்மந்தி!" என்றீர்கள். நான் கோழி ஏதோ தப்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

வம்பு அதோடு முடிந்திருந்தால் நான் இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது.

பாப்பாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தி, அந்த வீடியோவை வீட்டு டிவியில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு கூடை மல்கோவாவோடு வந்து சேர்ந்தேன். திரையில் ஆசாரி ஊசியைத் தூக்குகிறார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறேன். படம் நின்றது. பாப்பா வாயைத் திறந்தபடி, அழுகை வராமல், அப்படியே நிற்கிறாள். வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஆபீஸுக்கு ஓடினீர்கள், திரும்பி ஓடிவந்தீர்கள். பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் கூப்பிட்டால் பேசவில்லை என்றீர்கள். சாயங்காலம் நான் கிளம்பி, கார் பைபாஸைத் தொடுவதற்குள் கார்த்திகா போன் செய்தாள். "இப்ப ஓடுதுங்கப்பா. காது குத்தியாச்சு."

அடுத்த முறை வந்தபோதும் நின்றது. அதற்கடுத்த முறையும். நான் கவனிக்கவில்லை. உங்கள் அக்கா கவனித்தார்கள். அவர்கள் சமையலறையில் ரகசியம் பேசினால் ரோட்டில் போகிற லாரிக்காரனுக்குக் கேட்கும். "சேலத்துக்காரரு செருப்பக் கழட்டறதுக்கும் பொட்டி படுத்துக்கறதுக்கும் சரியா இருக்குதே!"

"அக்கா, வாய மூடு. அவரு தங்கமான மனுசன்" என்று நீங்கள் அதட்டியதாகக் கார்த்திகா பிற்பாடு சொன்னாள். அதட்டியதோடு விடவில்லையாம். என்மேல் குற்றமில்லை என்று நிரூபிக்க நீங்கள் பட்ட பாடு எனக்கு அப்போது தெரியாது. நான் வரும் நேரமும் போர் மோட்டார் ஓடும் நேரமும் ஒன்றோ, அதனால் கரண்ட் குறைகிறதோ என்று யூபிஎஸ் வாங்கி வைத்தீர்கள். அடாப்டரை மாற்றினீர்கள். எலி கடித்திருக்குமோ என்று குழாயைத் தோண்டிக் கேபிளை முழம் முழமாகத் தடவிப் பார்த்தீர்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு சந்தேகக் கைதியாக விடுதலையாகி, கடைசியில் கூண்டில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் நீங்கள் அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தீர்கள். "இந்த வாரம் வாறீங்களாங்க? ... வாங்க வாங்க, சும்மா கேட்டேனுங்க." எவ்வளவு பாசம் என்று என் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். உண்மையில் நான் வருவதற்குள் முட்டை லோடு கணக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும் என்கிற அவசரம் உங்களுக்கு. புயல் எச்சரிக்கை மாதிரி என் வருகையைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

எருமப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சொல்லாமல் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன் அல்லவா, அந்த மத்தியானம். கார் சத்தம் கேட்டதும் நீங்கள் என்னைப் பார்த்து வராமல் ஆபீஸை நோக்கி ஓடினீர்கள். ஏதோ ஆபத்து என்று நானும் பின்னாலேயே வந்தேன். பெட்டியின்மேல் ஈரிழைத் துண்டு போர்த்தியிருந்தது. துண்டின்மேல் ஒரு எலுமிச்சம்பழம், கயிற்றில் கோத்த வரமிளகாய்.

"இதென்னங்க?" என்றேன்.

"தூசிக்குங்க."

"எலுமிச்சம்பழம்?"

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். தரையைப் பார்த்தீர்கள். "அதுவும் தூசிக்குத்தானுங்க."

அதோடு போயிருக்கும். ஆனால் வாசலில் வந்து நின்ற உங்கள் அக்கா, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "துண்டு போட்டு மூடியும் கண்ணு பட்டுப்போச்சே!" என்றார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கார்த்திகா காபி டம்ளரோடு வந்தாள். நான் வாங்கவில்லை. "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். சேலம் வரும்வரை ஸ்டியரிங்கோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். கடன்காரன் என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். என் கண் பட்டு ஒரு இரும்புப் பெட்டி படுத்துக்கொள்கிறது என்றால், அந்தக் கண்ணோடு நான் என் பேத்தியை எப்படிப் பார்ப்பது?

அப்போது கார்த்திகா இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். கட்டுச்சோற்று விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் பரிமாறி, மகளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவருகிற நாள். "உங்கம்மா வருவா. நான் வர்ல. நான் வந்தா உங்க ஊட்டுப் பொட்டிக்கு ஆகாது" என்று போனில் சொன்னேன். கார்த்திகா, "நீங்க வர்லீன்னா நானும் அங்க வர்லீங்கப்பா. இங்கியே பெத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். நீங்கள் திரும்பத் திரும்பப் போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. என் மனைவி சாதம் போடும்போது கேட்டாள்: "பொண்ணக் குடுத்த எடத்துல மாமியாகிட்டச் சண்ட போடுவாங்க, மாமனாருகிட்டச் சண்ட போடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் பொட்டிகிட்டச் சண்ட போட்டுட்டு வந்திருக்கறீங்க."

இதற்கெல்லாம் முடிவு கட்டியது கார்த்திகாதான். இரண்டு அப்பாக்களும் இரண்டு ஊரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும், இவர் வந்தால் ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இவரோடு கூட வருவது என்ன என்று அவள் கேட்டாள். எனக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வாங்க. எப்பவும் வர்ற மாதிரியே வாங்க. மாமாவும் இருப்பாங்க. ரெண்டு பேரும் எதுவும் பேச வேண்டாம்" என்றாள். அது கூப்பிட்ட குரல் இல்லை, சம்மன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஹாலில் டிவி ஓடுகிறது. மறுபடியும் பாப்பாவின் காது. கட்டிலில் உங்கள் அக்கா, தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டுக்கு வெளியே.

"அப்பா, போன ஆஃப் பண்ணி கார்ல வச்சுட்டு உள்ள வாங்க."

வந்தேன். செருப்பைக் கழற்றினேன். படம் ஓடியது. உட்கார்ந்தேன். ஓடியது. ஆசாரி காது குத்தி, பாப்பா அழுது, மாமன் முறைக்காரர் மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்து, எல்லோரும் பொங்கல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீஸுக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைத் தொடச் சொன்னாள். தொட்டேன். முறைத்துப் பார்க்கச் சொன்னாள். என்னால் முடிந்த அளவு முறைத்தேன். ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப வெளிய போயி, போன ஆன் பண்ணிட்டு வாங்க."

கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்பேன். உள்ளேயிருந்து உங்கள் அக்காவின் குரல்: "நின்னுபோச்சு!"

மறுபடி அணைத்தேன். சற்று நேரத்தில் ஓடியது. மறுபடி போட்டேன். நின்றது. வாசலுக்கும் கேட்டுக்கும் நான் நடந்த நடையைப் பார்த்துத் தீவன லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, என்ன வேண்டுதல் என்று விசாரித்தான்.

கார்த்திகா லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பினாள். "மாமா, நம்ம வைஃபைல இருக்கற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு. ரவுட்டர் தானா குடுக்கும். பெட்டிக்கு மட்டும் நீங்க கையால ஒரு நம்பர் போட்டீங்களே, என்ன போட்டீங்க?"

"அம்பதுங்க அம்மிணி. நம்ம மொத ரிக்கு வண்டி நெம்பரு அம்பதுலதான் முடியும். ராசியான நெம்பரு."

"நீங்க போட்டது ரவுட்டருக்குத் தெரியாது. அம்பது சும்மாதான் இருக்குதுன்னு அது நெனச்சு, காதுகுத்து வீடியோ பாக்க அப்பா வந்தன்னிக்கு அவரு போனுக்கு அதையே குடுத்துருச்சு. அன்னையிலிருந்து அவரு எப்ப வந்தாலும் ஞாபகம் வச்சு அதே அம்பது. டிவி அம்பதக் கூப்பிட்டா, பொட்டிக்குப் போறது அப்பா போனுக்குப் போகுது. போன் என்ன பண்ணும், படமா காட்டும்?"

உங்கள் வாய் மெல்லத் திறந்தது. கை தானாக நெற்றிக்குப் போனது. "ஒரே நெம்பர்ல ரெண்டு வண்டி! அடக் கெரகமே, செக்போஸ்ட்டுல இதுக்கு உள்ள தூக்கி வச்சிருவானேங்க! நானே பிளேட்டு மாட்டிப்போட்டு, வந்த மனுசனச் சந்தேகப்பட்டிருக்கறேன்!" என்று சொல்லிக்கொண்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். விடவே இல்லை. வியர்வை பிசுபிசுத்தது.

உங்கள் அக்கா அவ்வளவு சீக்கிரம் வழக்கை முடிக்கவில்லை. "அப்ப ஆளு மேல குத்தமில்ல. போனு மேலதான்" என்று உள்ளே போய், உப்பும் மிளகாயும் கொண்டுவந்தார்கள். நான் போனை நீட்டினேன். மூன்று சுற்றுச் சுற்றி, அதன் திரையில் துப்புவதற்குப் பதிலாகத் துப்புவது மாதிரி சத்தம் மட்டும் எழுப்பி, மரியாதையாக முடித்துவைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கார்த்திகாவுக்கு ஆத்திரம் மூட்டியது. யாராவது ஒருவருக்கு நம்பரை மாற்ற வேண்டும்.

"அம்பத நீங்க வச்சுக்குங்க சம்மந்தி. பொட்டிக்கு வேற போட்டுக்கறேன்."

"ஐயோ, உங்க மொத வண்டி நம்பருங்க. என் போனுக்கு எது குடுத்தா என்னங்க?"

"பொண்ணக் குடுத்தவரு நீங்க. உங்குளுக்கில்லாத நெம்பருங்களா?"

"நீங்க மூத்தவருங்க."

"அதெல்லாம் கெடையாதுங்க, நீங்கதான்..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கறீங்களா?" என்று அவள் கத்தினாள். "இடுப்பு வலிக்குது எனக்கு."

நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பெட்டிக்கு ரவுட்டர் தொடாத உயரத்தில் ஒரு நம்பர் வைத்து, ஐம்பதை என் போனுக்கே நிரந்தரமாக எழுதச் சொன்னீர்கள். கட்டுச்சோற்று விருந்தன்று நாங்கள் அண்டா அண்டாவாகப் புளிச்சோறும் தக்காளிச்சோறும் தயிர்ச்சோறும் இறக்கும்போது, உங்கள் பங்காளிகள் அத்தனை பேரும் வாசலில் நிற்க, நீங்கள் கேட்டுக்கு வந்து உரக்கச் சொன்ன வரவேற்பு வேறெந்தச் சம்பந்திக்கும் கிடைத்திருக்காது. "வாங்க சம்மந்தி! போன ஆன் பண்ணிட்டே வாங்க!"

பேரன் பிறந்த பிறகு வந்த சித்திரையில், ஒரு காலை உங்கள் போன். குரல் சரியில்லை. "பொட்டி கத்துதுங்க. ஒரு டிஸ்க்கு போச்சாட்டம் இருக்குது." இன்னொன்று இருக்கிறதே, எதற்குப் பதற்றம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் சேலத்தில் புது டிஸ்க் வாங்கிக்கொண்டு உடனே வந்தேன்.

பெட்டி விடாமல் பீப், பீப் என்றது. மேல் டிஸ்க்குக்குப் பச்சை, கீழ் டிஸ்க்குக்குச் சிவப்பு. சிவப்பைத்தான் உருவ வேண்டும். தவறி நல்லதை உருவினால் எல்லாம் போய்விடலாம். எத்தனையோ அடி ஆழத்துக்குக் குழாய் இறக்கிய நீங்கள் அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "நீங்க இழுங்க சாமி. என்னால ஆகாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"கீழதுங்களா?"

"செகப்புங்க."

"செகப்பு கீழதானுங்க இருக்குது."

"அப்பக் கீழது. எதுக்கும் இன்னொருக்காப் பாருங்க."

பார்த்தேன். இழுத்தேன். பெட்டி சாகவில்லை. புதியதைத் தள்ளிவிட்டதும் கத்தல் நின்று, நல்ல டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தது. எத்தனை சதவீதம் ஆயிற்று என்று திரையில் ஒரு எண். அது நகர்ந்த வேகத்தில் கோழி முட்டைபோட்டு அடைகாத்துக் குஞ்சே பொரித்திருக்கும். பாதியில் நல்ல டிஸ்க்கும் சூடேறிப் போய்விடக் கூடாதென்று இருந்த ஒரே மேசை விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினீர்கள். பெட்டி காற்று வாங்கியது, நாம் இருவரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். உங்கள் அக்கா தயிர்ச்சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்து, "எத்தனையாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பொழுது சாயும் நேரத்துக்கு நூறு ஆயிற்று.

சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று நீங்கள் ஒரு வீடியோவைத் திறந்தீர்கள். பாப்பாவின் காதாக இருக்கும் என்று நினைத்தேன். கிணற்றடி. ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து, ஈரக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு திட்டுகிறார்: "வந்ததுலருந்து அந்தக் கேமராவையே புடிச்சுட்டு நிக்கறீங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. அத வச்சுப்போட்டுப் போயிப் படுங்க!" அவ்வளவுதான். அதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் மனைவி. நான் சம்பந்தம் பேச வருவதற்கு முன்பே போய்விட்டவர். மாலை போட்ட படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். குரல் கேட்டது அன்றுதான்.

நீங்கள் மறுபடி ஓடவிட்டீர்கள். பிறகு சொன்னீர்கள், திரையைப் பார்த்தபடியே. "ரிக்கு ரிக்குன்னு அலஞ்சதுல, அவ பேசி நான் புடிச்சது இது ஒண்ணுதானுங்க. இதுக்குத்தானுங்க பொட்டியே வாங்குனேன். பையனுக்குக்கூடச் சொன்னதில்ல."

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் கணக்குத்தான் கேட்பான். "வேற எங்கியாச்சும் ஒரு காப்பி வச்சிருக்கறீங்களா?"

"ரெண்டு டிஸ்க்குலயும் இருக்குதுங்களே."

"ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதானுங்க இருக்குது. கொட்டாயே தீப்புடிச்சா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்து, அந்த ஒன்றை மட்டும் அதில் ஏற்றி, என் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டினீர்கள். "சேலத்துல இருக்கட்டுங்க."

கிளம்புவதற்கு முன் பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தால், நாற்காலியில் அப்படியே தூங்கிப்போயிருந்தீர்கள். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, ரிக் மோட்டார் ஓடுவது மாதிரிக் குறட்டை. கார்த்திகாவுக்குக் காட்டிச் சிரிக்கலாமென்று போனில் பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, கொட்டகைக்குள் தீவனம் பார்த்துக்கொண்டே நடந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வரைகூடப் போக வேண்டியிருக்கவில்லை. செய்தி கேட்டு நான் வந்து இறங்கியபோது, கேட்டருகே போன் தானாக வைஃபையைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையில் அதிர்ந்தது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம்.

பண்ணையை இப்போது குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். கார்த்திகா பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டாள். உங்கள் அக்கா வாழப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போன் செய்தால் முதல் கேள்வி, "பொட்டி நல்லாருக்குதுங்களா?" என் உடம்பு இரண்டாவதுதான். பெட்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது மாப்பிள்ளை, "நீங்களே வச்சுக்குங்க மாமா. நான் வச்சிருந்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேதான் இருப்பேன்" என்றார். தன்னைத் தெரிந்த பையன்தான்.

டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி போடத் தெரியாத நான் இன்று என்னவெல்லாம் செய்கிறேன் தெரியுமா? மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் சோதிக்கவிட்டு, முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இன்டர்நெட் படுத்தால் கூப்பிட வருகிறார்கள். போனதும் மேசைக்கடியில் குப்புறப் படுத்து விளக்கு பச்சையா மஞ்சளா என்று பார்க்கிறேன். எழுந்திருக்கத்தான் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் உங்கள் குறட்டையையும் பெட்டியில் ஏற்றினேன். எங்கே வைப்பது என்று யோசித்து, உங்கள் மனைவியின் வீடியோ இருக்கும் இடத்திலேயே, அதற்கு அடுத்ததாக வைத்தேன். ஒன்று முடிந்ததும் மற்றது தானாக ஓடும். அவள் அப்பாரு என்று கூப்பிடும் உங்களையும், அவள் பார்த்தே இராத ஆத்தாவையும், லீவுக்கு வந்த பாப்பாவுக்கு அதில்தான் போட்டுக் காட்டினேன். கிணற்றடியில் ஈரக் கையோடு அவர் திட்டி, போய்ப் படுங்கள் என்கிறார். அடுத்த நொடி நீங்கள் நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிறீர்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாப்பா சிரிக்கவில்லை. என் வாயைத் தன் கையால் பொத்தி, "சத்தம் போடாதீங்க அப்புச்சி" என்றாள். "ஆத்தா சொல்லி இப்பத்தான் அப்பாரு தூங்கறாங்க."

அதிலிருந்து அந்த வீடியோ ஓடும்போது நான் சத்தம் போடுவதில்லை.

உங்கள்,
சேலத்துச் சம்பந்தி